வீட்டுப் பழைய பொருள்களில் விளையாட்டுச் சாமான்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் ஒரு சமூக மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பாலர் பள்ளி முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அட்டைப்பெட்டி, டின், போத்தல் ஆகியவற்றில் விளையாட்டுச் சாமான்கள் செய்து வருகிறேன். பிள்ளைகள் கேட்பதைவிட, அவர்களைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாவும் தாத்தா பாட்டியும் கேட்பதே அதிகம். அவற்றுள் திரும்பத் திரும்ப வரும் ஐயங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். இங்கே சொல்லப்படும் சாமான்களில் பெரும்பாலானவை பசையே இல்லாமல் செய்யப்படுபவை. அதற்கான காரணம் போகப்போக விளங்கும்.

டீச்சர், வீட்டில் எதையெல்லாம் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கணும்?

பால், பழச்சாறு வந்த அட்டைப்பெட்டிகள், பவுடர் பால் டின், மைலோ டின், தண்ணீர்ப் போத்தல், ஷாம்பூ போத்தல், முட்டைப் பெட்டி, கழிவறைக் காகிதச் சுருளின் நடுக்குழல், நகைக்கடையில் கொடுத்த பழைய காலண்டர், கிழிந்த சட்டையின் பொத்தான், இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி, உணவுப் பொட்டலத்தோடு வந்து பிரிக்கப்படாமலே கிடக்கும் சாப்ஸ்டிக் ஆகியவை போதும். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பிறகு, முறுக்கும் பிஸ்கட்டும் வந்த சிவப்பு மூடிப் பிளாஸ்டிக் ஜாடிகள் எல்லார் வீட்டிலும் சேர்ந்துவிடுகின்றன. அவை உறுதியானவை, கழுவுவதற்கும் எளிதானவை. பணம் வைத்துக் கொடுத்த காகித உறைகளையும் எறிந்துவிடாதீர்கள். ஒரே கட்டில் வருபவை எல்லாம் ஒரே படம் போட்டிருப்பதால், அவற்றை இரண்டிரண்டாக எடுத்து ஒரே அளவில் வெட்டி, கவிழ்த்து வைத்து, சோடி கண்டுபிடிக்கும் நினைவாற்றல் சீட்டாட்டத்தை ஐந்தே நிமிடத்தில் செய்துவிடலாம். உறையின் பின்பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் சீட்டுகளையே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் பின்பக்கத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சேர்ப்பதற்கு ஓர் எல்லை வேண்டும். ஒரே ஒரு அட்டைப்பெட்டியை ஒதுக்கி, அது நிறைந்தபின் வருவதையெல்லாம் பழைய பேப்பர் லோரிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அடுக்குமாடி வீட்டில் ‘என்றைக்காவது உதவும்’ என்று குவித்து வைப்பது கரப்பான் பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகவே முடியும்.

எதைத் தொடவே கூடாது?

குளோரின் திரவம், பூச்சிமருந்து, கழிவறைச் சுத்திகரிப்பு, என்ஜின் எண்ணெய் ஆகியவை இருந்த போத்தல்களை எத்தனை முறை கழுவினாலும் விளையாட்டுக்கு எடுக்காதீர்கள். அவற்றில் மிச்சம் தங்கியிருக்கும் என்பது ஒரு காரணம்; அதே வடிவப் போத்தலை மறுநாள் சமையலறையின் கீழ் அலமாரியில் பார்க்கும் குழந்தை, அதுவும் விளையாட்டுச் சாமான்தான் என்று எண்ணிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பழைய வீட்டுக் கதவு, சன்னல் ஆகியவற்றிலிருந்து உடைத்தெடுத்த சாயம் பூசிய மரத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உடைந்த வானொலி, கைப்பேசி, விளக்கு போன்றவற்றின் உட்பகுதிகளும் வேண்டாம்.

இரண்டு பொருள்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், அது உணவுக்குழாயில் தங்கி 2 மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். காந்தத் துண்டுகள் இரண்டை விழுங்கினால், அவை குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடலாம். இவை விளையாட்டுப் பெட்டிக்குள் வரவே கூடாது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே போதும், காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள் அல்லது 999ஐ அழையுங்கள்.

முட்டைப் பெட்டி, டாய்லெட் பேப்பர் குழல் இதெல்லாம் அசுத்தம் இல்லையா?

முட்டைப் பெட்டியைப் பற்றிய தயக்கம் நியாயமானது. முட்டையோட்டில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். காகிதக்கூழில் செய்த பெட்டி முட்டை உடைந்து ஒழுகியதை உறிஞ்சிக்கொள்ளும், அதைக் கழுவவும் முடியாது. ஆகவே கறை படிந்த காகிதப் பெட்டியை எறிந்துவிடுங்கள். பேரங்காடியில் 10 முட்டைகள் வரும் தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியையே நான் எடுக்கிறேன். அதைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்தால் போதும். கொதிநீர் ஊற்றினால் அந்தப் பிளாஸ்டிக் சுருங்கிக் கோணிவிடும்.

காகிதக் குழல் கழிவறையிலேயே தொங்கியதுதான் என்றாலும், சுருளுக்கு உள்ளே இருந்தது. நனையாமலும் கறையில்லாமலும் இருந்தால் பயன்படுத்தலாம். மனம் ஒப்பவில்லையென்றால் சமையலறைத் துடைப்புக் காகிதத்தின் குழலை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீளமாகவும் இருக்கும்.

ஒன்றரை வயதுப் பேரனுக்கு என்ன செய்து கொடுக்கலாம்? எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறான்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அளவுதான் முதல் கேள்வி. விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் அடங்கிவிடும் எந்தத் துண்டையும் மூச்சை அடைக்கக்கூடியதாகவே கருதுகிறார்கள். தண்ணீர்ப் போத்தலின் மூடி ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். அதாவது எல்லாரும் முதலில் கையில் எடுக்கும் அந்த மூடியே ஆகாது. வீட்டில் சோதிக்கக் கழிவறைக் காகிதக் குழல் இருக்கிறது. அதன் விட்டம் ஆய்வுக்கூட உருளையைவிடச் சற்றுப் பெரியதாகையால், குழலுக்குள் நுழையாத பொருள் என்றால் அளவைப் பொறுத்தமட்டில் கவலையில்லை. கயிறு கட்டி இழுக்கும் சாமான் என்றால், கயிறு ஒரு சாணுக்கு மேல் நீளக்கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

இந்த வயதுக்கு மூன்று சாமான்களே போதுமானவை. வெவ்வேறு அளவு ஜாடிகளையும் மூடிகளையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்து எடுப்பது முதலாவது. இரண்டாவது, பவுடர் பால் டின்னின் பிளாஸ்டிக் மூடியில் நீளத் துளை வெட்டி, அதன் வழியே சிவப்பு ஜாடி மூடிகளைப் போட்டு எடுக்கும் உண்டியல் விளையாட்டு. டின்னின் உள்விளிம்பில் அலுமினியத் தாளைக் கிழித்தெடுத்த இடம் கையை வெட்டுமாதலால், அங்கே துணி நாடாவைச் சுற்றிவிட வேண்டும். மூன்றாவது கிலுகிலுப்பை. மெல்லிய தண்ணீர்ப் போத்தல் கடித்தால் விரிசல் விடும் என்பதால், சாஸ் வந்த தடித்த பிளாஸ்டிக் போத்தலில் பச்சைப்பயறு போட்டு மூடியைத் திருகுங்கள். பசை தேவைப்படும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று: மூடி எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. பயற்றை மூன்று நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து, பின் ஈரம் போக உலர்த்திவிட்டுப் போட்டால் வண்டு பிடிக்காது.

எந்தப் பசை நல்லது? குளூ கன் வாங்கலாமா?

காகிதத்துக்குக் காகிதம் ஒட்ட மைதாப் பசையே போதும். ஒரு பங்கு மாவை ஒரு பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு பங்கு தண்ணீரில் ஊற்றிக் கிளறினால், மாவின் வெண்மை மங்கிக் கண்ணாடிபோல் வரும், அதுதான் பதம். குளிர்பெட்டியில் சில நாள் இருக்கும். ஊரில் புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பசையில் கூடவே கூடாது.

குளூ கன் விரலைச் சுட்டுவிடும் என்பது ஒருபுறம். என் முதன்மையான எதிர்ப்பு வேறு. அது பிளாஸ்டிக்கைக் காகிதத்தோடும் காகிதத்தைத் தகரத்தோடும் பிரிக்க முடியாதபடி சேர்த்துவிடுகிறது. அட்டையில் பிளவு வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுவது, ரப்பர் பேண்டால் கட்டுவது, சாத்தே குச்சியைக் குறுக்கே செலுத்துவது ஆகிய மூன்றும் கைவந்துவிட்டால் பத்தில் எட்டுச் சாமான்களுக்குப் பசையே வேண்டியிருக்காது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா 1970களின் இறுதியில், தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ரப்பர்க் குழாய்த் துண்டுகளால் இணைத்து முக்கோணமும் வீடும் கோபுரமும் செய்யும் முறையை உருவாக்கினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அவருடைய அந்த இணைப்பிலும் பசை கிடையாது. முக்கோணம் அசையாது, நாற்கரம் நெளியும் என்பதைக் குழந்தை தன் விரலாலேயே அறிந்துகொண்டு, பிரித்து, மறுபடி வேறொன்று கட்டும்.

காகிதக்கூழில் முகமூடி செய்தோம், காயவே இல்லை, பூஞ்சணம் பிடித்துவிட்டது.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். மாலையில் மழை வேறு. காகிதத்தை அரைத்துக் கூழாக்கி அப்புவதற்குப் பதிலாக, நாளிதழை விரலகல நாடாக்களாகக் கிழித்து, பசையில் தோய்த்து, இரண்டு அடுக்கு ஒட்டி, காற்றாடியின் கீழே ஓரிரவு விட்டுவிட்டு, மறுநாள் அடுத்த இரண்டு அடுக்குகளை ஒட்டுங்கள். பசையைப் பிழிந்துவிட்டு ஒட்டுவதே இரகசியம். பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்துச் சாயம் பூசி மறைக்காமல் எறிந்துவிடுவது நல்லது. முகத்தில் வைக்கும் பொருள் அது.

பல்லாங்குழி செய்ய முடியுமா? மலாய்க்காரர் ஆடும் கொங்காக் மாதிரிதானே அதுவும்?

செய்யலாம், அதுவும் அழகாக வரும். பல்லாங்குழிக்குப் பக்கத்துக்கு 7 ஆக 14 குழிகள் தேவை. 30 முட்டை அட்டை 5க்கு 6 என்ற கணக்கில் இருப்பதால் அதில் ஏழு குழி வரிசை கிடைக்காது. மேலே சொன்ன 10 முட்டைப் பெட்டி 2க்கு 5. ஆகவே இரண்டு பெட்டிகளின் அடிப்பகுதிகளை எடுத்து, ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு, மற்றொன்றிலிருந்து மூன்று சோடிக் குழிகளை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய துண்டின் முதல் சோடியை, முழுப்பெட்டியின் கடைசிச் சோடிக்கு அடியில் பொருத்தி அழுத்தினால், குழிக்குள் குழி இறங்கிக் கவ்விக்கொள்ளும். ஐந்தும் மூன்றும் எட்டு, ஒன்று மறைந்தது போக ஏழு. பசையோ டேப்போ இல்லாமல் பலகை தயார். வெட்டுவாய் கூர்மையாக இருக்குமாதலால் மூலைகளைக் கத்தரிக்கோலால் வளைத்து விடுங்கள்.

கொங்காக்கும் பல்லாங்குழியும் உறவுக்காரர்கள்தாம், ஆனால் ஒன்றல்ல. கொங்காக்கில் இரண்டு முனையிலும் பெரிய களஞ்சியக் குழி உண்டு. 7 வீடு உள்ள பலகையில் வீட்டுக்கு 7 வீதம் 98 காய் வைத்து ஆடுவார்கள். சுற்றி வரும்போது தன் களஞ்சியத்தில் ஒரு காய் போட்டுக்கொண்டே போவார்கள். பல்லாங்குழியில் களஞ்சியம் கிடையாது. குழிக்கு ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்று வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். கையிலிருந்த காய் தீர்ந்தவுடன் அடுத்த குழியிலிருப்பதை எடுத்துத் தொடர்வதும், அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்ததை அள்ளுவதும், ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று அந்தக் குழிக்குரியவர் எடுத்துக்கொள்வதும் பரவலான முறை. பாட்டி ஒரு விதமாகவும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளை ஒரு விதமாகவும் ஆடினால், இரண்டையும் ஆடிப் பார்க்கட்டும். மீதியிருக்கும் பெட்டித் துண்டிலிருந்து இரண்டு குழிகளை வெட்டி முனையில் வைத்தால் அதே பலகை கொங்காக் பலகையாகிவிடும். களஞ்சியம் நிறைந்து வழியும் என்பதால் அங்கே ஒரு ஜாடி மூடியை வைப்பது இன்னும் வசதி.

காய்க்குப் புளியங்கொட்டை சிறந்தது. ரசத்துக்குக் கரைத்த புளியிலிருந்து எடுத்துக் கழுவிக் காயவைத்துச் சேருங்கள்.

சாலையோரம் கிடக்கும் சிவப்பு விதையைப் பொறுக்கி ஆடலாமா? விஷம் என்கிறார்களே?

இரண்டு சிவப்பு விதைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் எழும் கேள்வி இது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் நிற்கும் பெரிய மரத்திலிருந்து சுருண்ட காயோடு உதிர்வது மஞ்சாடி. மலாய்க்காரர் சாகா என்பார்கள். முழுவதும் ஒரே சிவப்பு, தட்டையாக, பளபளப்பாக இருக்கும். பல்லாங்குழிக்கு நம் பாட்டிமார் வைத்து ஆடியதில் அதுவும் ஒன்று. பச்சையாகத் தின்னத்தக்கதல்ல என்றாலும் கையாள்வதில் ஆபத்தில்லை.

குன்றிமணி அல்லது குண்டுமணி என்பது வேறு. அது மரமல்ல, கொடி. விதை சிறியது, சிவப்பு உடலில் கறுப்புக் கண் இருக்கும். அதில் ஆப்ரின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. தோல் உடையாமல் விழுங்கினால் பல வேளை கேடின்றி வெளியேறிவிடலாம். கடித்தாலோ, துளையிட்ட விதையை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. கறுப்புப் புள்ளி இருந்தால் தொடாதே என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தாமார் ரப்பர் கொட்டையைக் கொண்டு வருவதுண்டு. சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்திலிருப்பவன் கையில் வைத்த கதையும் கூடவே வரும். விளையாடலாம், ஆனால் பச்சைக் கொட்டையின் பருப்பில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருப்பதால் உடைத்து வாயில் போடக்கூடாது. இவற்றில் எதுவாயினும் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருக்கும் வீட்டில் எண்ணி வைத்து எண்ணி எடுக்க வேண்டும்; காரணத்தை ஒன்றரை வயதுப் பேரனுக்கான பதிலில் காண்க.

என் பையனுக்கு இதெல்லாம் வேண்டாமாம். ஓடுகிற கார், மிதக்கிற கப்பல்தான் வேண்டுமாம்.

கப்பலிலிருந்து தொடங்குங்கள், அது தோற்காது. திருகுமூடி உள்ள ஒரு லிட்டர்ப் பால் பெட்டியைக் கழுவி, மூடியை இறுக்கி, படுக்க வையுங்கள், வெட்டவே வேண்டாம். இரண்டு சாப்ஸ்டிக்குகளைப் பெட்டியின் இரு பக்கத்திலும் வைத்து, முன்னும் பின்னும் ரப்பர் பேண்டால் கட்டி, பின்புறம் நான்கு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். நீட்டிய முனைகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, வேறொரு பால் பெட்டியிலிருந்து வெட்டிய சிறு செவ்வக அட்டையை அதன் இரு இழைகளுக்கு நடுவே செருகினால் அதுவே துடுப்பு. அது சுழலும்போது கப்பலின் பின்பக்கத்தில் இடிக்காத அளவுக்கு இருக்க வேண்டும். துடுப்பின் கீழ்ப்பகுதி கப்பலை நோக்கி வரும்படி முறுக்கித் தண்ணீரில் விட்டால், அது எதிர்ப்பக்கம் சுழன்று நீரைப் பின்னுக்குத் தள்ள, கப்பல் முன்னே போகும். மாற்றி முறுக்கினால் பின்னால் வரும். எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று பிள்ளைகளே அளக்கத் தொடங்கிவிடுவார்கள், நாம் ஒதுங்கிக்கொள்ளலாம்.

கார் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே: சக்கரத்தையும் அச்சையும் அச்சுக்குழாயையும் சேர்த்து இறுக்கிவிடுவார்கள். சக்கரம் சாத்தே குச்சியோடு இறுகியிருக்க வேண்டும். குச்சியோ, மை தீர்ந்த பேனாவின் கூட்டுக்குள் தாராளமாகச் சுழல வேண்டும். அந்தக் கூட்டைத்தான் பெட்டியோடு கட்ட வேண்டும். போத்தல் மூடிச் சக்கரத்தின் துளை நட்டநடுவில் இல்லாவிட்டால் கார் நொண்டும். சில மூடிகளின் மையத்தில் வார்ப்பின்போது உண்டான சிறு புள்ளி தெரியும், அங்கே ஆணி வைத்து மரக்கட்டையின்மேல் தட்டுங்கள். ஆணியைக் காய்ச்சிக் குத்த வேண்டாம், உருகும் பிளாஸ்டிக்கின் புகை நல்லதல்ல. சாத்தே குச்சியின் கூர்முனையை முதல் வேலையாக வெட்டிவிடுங்கள்.

டின் டெலிபோனில் ஒன்றுமே கேட்கவில்லை.

கயிறு தொய்ந்திருக்கும், அல்லது கதவு நிலையில் உரசிக்கொண்டிருக்கும். ஒலி கயிற்றின் அதிர்வாகத்தான் போகிறது, தொட்டால் நின்றுவிடும். விறைப்பாக இழுத்து, இருவரும் டின்னின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசட்டும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்தால் அரை மணியில் உடைத்துவிடுகிறாளே?

அட்டையில் செய்தது உடையத்தான் செய்யும். யார் செய்தது என்பதே இங்குக் கேள்வி. நீங்கள் இரவில் கண்விழித்துச் செய்து காலையில் கொடுத்த சாமான் உடைந்தால் உங்களுக்குக் கோபம், அவளுக்கு அழுகை. அவளே ரப்பர் பேண்ட் கட்டிச் செய்தது உடைந்தால் எங்கே கட்டினோம் என்பது அவளுக்குத் தெரியும், திரும்பக் கட்டுவாள். ஐந்து வயதுக்கு மேல் கத்தரிக்கோல் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். கட்டர், ஆணி, சுத்தியல் ஆகியவை மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும். கோணலாக வெட்டினால் கோணலாகவே இருக்கட்டும்.

கடைப் பொம்மை இருக்கும்போது இதைச் சீண்டக்கூட மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். கடையில் வாங்கிய ரோபோவைப்போல அட்டையில் ஒரு ரோபோ செய்து கொடுத்தால் அட்டை ரோபோ தோற்கத்தான் போகிறது. கடையில் கிடைக்காததைச் செய்யுங்கள். அவனுடைய சிறு கார்களுக்கே அட்டையில் மாடிக் கார்நிறுத்தம் கட்டலாம். காகிதக் குழல்களைச் சுவரில் சரிவாகப் பொருத்திக் கோலி உருண்டுவரும் பாதை அமைக்கலாம். பினாங்குப் பாலத்தையே பலகைக் கட்டங்களாக வரைந்து, காலண்டரின் பின்பக்கத்தில் பரமபதம் ஆடலாம். பாம்பு இருக்கும் கட்டத்தில் ‘சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டாய், திரும்பிப் போ’ என்று எழுதிய பிள்ளையின் பலகையை எங்கள் மண்டபத்தில் எல்லாரும் வரிசையில் நின்று ஆடினார்கள்.

பள்ளியில் மறுசுழற்சிப் போட்டி. ஜிகினா, சாயம், குளூ எல்லாம் வாங்கிவிட்டோம். இன்னும் என்ன வாங்கணும்?

இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன், பதில் சொல்லவும் தயங்குகிறேன். ஏனென்றால் பரிசு பெரும்பாலும் அலங்காரத்துக்கே போகிறது. ஆயினும் கணக்கைப் பாருங்கள். சுத்தமான தண்ணீர்ப் போத்தல் மறுசுழற்சிக்குப் போகும் தகுதியுடைய பொருள். அதன்மேல் சாயம் பூசி, ஜிகினாத் தூள் தூவி, துணியும் பஞ்சும் சூட்டுப் பசையால் ஒட்டிவிட்டால், அதைப் பிரிக்க ஆளில்லை; காட்சி முடிந்தவுடன் நேரே குப்பைமேட்டுக்குத்தான் போகும். ஜிகினாவே பொடியாக்கிய பிளாஸ்டிக். நாற்பது ரிங்கிட்டுக்குப் புதுப்பொருள் வாங்கி ஒரு நல்ல போத்தலைக் குப்பையாக்குவதை மறுசுழற்சி என்று சொல்ல என்னால் இயலவில்லை.

போட்டிக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு நான் சொல்லும் வழி இது: இயங்குகிற ஒன்றைச் செய், நடுவர் முன்னால் அதை இயக்கிக் காட்டு, பிறகு அதைப் பிரித்து எந்தப் பகுதி எந்தத் தொட்டிக்குப் போகும் என்றும் காட்டு. வண்ணம் வேண்டுமென்றால் வண்ணமுள்ள பொருளையே தேர்ந்தெடு: சிவப்பு மூடி, பச்சை மைலோ டின், பொன்னிற எழுத்துள்ள பண உறை. பரிசு கிடைக்குமா என்பது நடுவரைப் பொறுத்தது.

விளையாடி முடித்தபிறகு இதையெல்லாம் எந்தத் தொட்டியில் போடுவது?

பிரித்தால் எளிது: நீலத் தொட்டி காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும். கோலாலம்பூரில் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தின்கீழ் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்காத மாநிலங்களுள் ஒன்று. ஆனால் 2016 முதல் தனக்கென்று பிரிக்கும் கொள்கையை வைத்திருக்கிறது. ஆகவே இரண்டு ஊரிலும் கடமை ஒன்றுதான்.

சிக்கலானது பால் பெட்டி. அதில் முக்கால் பங்கு அட்டை, மீதி மெல்லிய பிளாஸ்டிக்கும் சிறிதளவு அலுமினியமும். இந்தக் கலவையைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டும். எல்லாச் சேகரிப்பாளரும் எடுப்பதில்லை. எடுக்கும் நிலையம் எது என்று கேட்டு, கழுவித் தட்டையாக்கிக் கொடுங்கள். மைதாப் பசையால் ஒட்டிய காகிதச் சாமான் பூஞ்சணம் பிடிக்காமலிருந்தால் காகிதத்தோடு போகலாம். முகமூடிபோல் அடுக்கடுக்காகப் பசை ஏறியது போகாது.

செய்ததையெல்லாம் பால்கனியில் வைக்கலாமா?

கூடாது. டின்னிலும் முட்டைப் பெட்டிக் குழியிலும் போத்தல் மூடியிலும் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆகும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதம் காய்ந்தபடியே உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவியும் வைக்க வேண்டும். கப்பல் விட்ட பேசினையும் மறக்காதீர்கள்.

பள்ளிக்கு நிதி திரட்டும் கேண்டீன் நாளில் விற்கலாமா? நிறையப் பேர் கேட்கிறார்கள்.

மலேசியாவில் விற்பனைக்கு வரும் விளையாட்டுப் பொருள்களுக்கு 2009ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகளின்படி பாதுகாப்புத் தரம் கட்டாயம். அந்தத் தரத்தை உறுதிசெய்யும் முத்திரையும் உண்டு. உங்கள் பேரனுக்கு நீங்கள் செய்து, பக்கத்தில் உட்கார்ந்து ஆடவிடுவது வேறு. எந்த வயதுக் குழந்தையின் கைக்குப் போகுமென்று தெரியாமல் காசுக்குக் கொடுப்பது வேறு. போத்தல் மூடிச் சக்கரம் வைத்த காரை ஏழு வயதுப் பிள்ளை வாங்கிப் போனாலும், வீட்டில் ஒரு வயதுத் தங்கை இருக்கலாம்.

கேண்டீன் நாளில் சாமானுக்குப் பதிலாகச் செய்முறையை விற்கலாம். ஒரு மேசையில் கழுவிய பால் பெட்டி, ரப்பர் பேண்ட், சாப்ஸ்டிக் ஆகியவற்றை வைத்து, இரண்டு ரிங்கிட் வாங்கிக்கொண்டு, ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை உட்கார வைத்து, பெற்றோர் முன்னிலையிலேயே கப்பல் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பெரிய பேசின் நிறையத் தண்ணீர் இருந்தால் கூட்டம் தானாக வரும்; துடைக்கத் துணியும் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.